"அது வேற ஃபண்ட்" என்கிறார்கள். மாநகராட்சி பட்ஜெட்டில் எதற்கு முதலில் பணம் என்று யார்தான் முடிவு செய்கிறார்கள்?

கனகாம்பரம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் பகுதி முன்பு ஊராட்சியாக இருந்து பிறகு மாநகராட்சியோடு சேர்ந்தது. ஊர் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு கட்சிப் பக்கம் போய்விடும். என் மகள் ஆறாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, இரண்டு பேரும் தெருமுனையில் இருக்கும் மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். டீச்சர்கள் அக்கறையானவர்கள். கழிப்பறையும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், டைல்ஸ் எல்லாம் போட்டு. ஆனால் மோட்டார் ரிப்பேராகி ஐந்து மாதம் ஆகிறது, மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. பெரிய பெண் பிள்ளைகள் காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டு மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி வருகிறார்கள். என் மகளுக்கு இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து ஊசி போட்டாயிற்று.

ஹெட்மாஸ்டர் மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். நாங்கள் பத்துப் பெண்கள் சேர்ந்து மண்டல அலுவலகத்துக்கே போனோம். ஃபண்ட் இல்லை என்றார்கள். அதே வாரம் இரண்டு தெரு தள்ளி பூங்கா வேலை தொடங்கியது. நடைபாதை, நீரூற்று எல்லாம் வருகிறது, போர்டில் போட்டிருக்கும் தொகை லட்சங்களில். கவுன்சிலரிடம் கேட்டதற்கு "அது வேற ஃபண்ட்மா, அதை எடுத்து இதுக்குப் போட முடியாது" என்றார். அவர் தட்டிக்கழிக்கிற ஆள் இல்லை, நிஜமாகவே அப்படி நம்புகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான். மளிகைக்கு எடுத்து வைத்ததில் இருந்து பிள்ளைக்கு மருந்து வாங்கிய மாதங்கள் உண்டு. பெரிய அலுவலகத்தில் அப்படி முடியாது என்பது புரிகிறது. ஆனால் எது மருந்து, எது மளிகை என்று அங்கே யாராவது உட்கார்ந்து யோசிக்கிறார்களா? குடிநீர், குப்பை, பள்ளி, விளக்கு, ரோடு, பூங்கா, இதில் இதுதான் முதலில் என்று சட்டத்தில் ஏதாவது வரிசை இருக்கிறதா, இல்லை மேயர் நினைப்பதுதானா, ஆணையர் நினைப்பதுதானா? எங்களை மாதிரி ஆட்கள் எந்த மாதம், யாரிடம் போய் நின்றால் காதில் விழும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

---

பழைய_பேரேடு

அம்மா, உங்கள் கவுன்சிலர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் நகராட்சி, மாநகராட்சி கணக்குப் பிரிவுகளில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் நானும் நீளமாகத்தான் எழுதுவேன்.

தமிழ்நாட்டில் சென்னை தவிர்த்த மாநகராட்சி, நகராட்சி பட்ஜெட் புத்தகத்தைத் திறந்தால் மூன்று நிதி தனித்தனியாக இருக்கும். ஒன்று வருவாய் மற்றும் மூலதன நிதி, அதாவது பொது நிதி. இரண்டாவது குடிநீர் மற்றும் வடிகால் நிதி. மூன்றாவது கல்வி நிதி. நீங்கள் கட்டும் சொத்து வரி ரசீதில் மொத்தமாக ஒரு தொகைதான் தெரியும், ஆனால் உள்ளே அது பொது வரி, குடிநீர் வடிகால் வரி, கல்வி வரி என்று பிரிந்து அந்தந்த நிதிக்குப் போய்விடும். இது போக நூலக வரி, வரி ஒரு ரூபாய்க்குப் பத்துப் பைசா, 1948-ஆம் வருட நூலகச் சட்டப்படி வசூலிப்பது. அது மாநகராட்சிக் காசே கிடையாது, வாங்கி நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டியது.

இப்போது உங்கள் பள்ளிக்கு வாருங்கள். மாநகராட்சிப் பள்ளிக் கட்டிடம், அதன் பராமரிப்பு, கழிப்பறை, தண்ணீர், இதற்கெல்லாம் உரிய இடம் கல்வி நிதி. பூங்கா வேறு நிதி என்பது சரி. ஆனால் உங்கள் மோட்டாருக்கும் ஒரு நிதி இருக்கிறது, அதற்கென்றே உங்களிடம் வரி வாங்கியிருக்கிறார்கள். அதில் இந்த வருடம் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு மிச்சம் என்ற கேள்வியைத்தான் கேட்டிருக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் கல்வி நிதியில் வருடக்கணக்கில் மிச்சம் கிடந்தது, அதே நேரம் பள்ளிச் சுவர் இடிந்து கிடந்தது. காரணம் பெரிய சதி எதுவும் இல்லை. எஸ்டிமேட் போட்டு அனுப்ப வேண்டிய பொறியாளருக்கு ரோடு வேலையிலேயே நேரம் போய்விட்டது, பள்ளியில் இருந்து வரும் கடிதம் பொறியியல் பிரிவுக்கும் கல்விப் பிரிவுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

சரி, யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி. பட்ஜெட் கூட்டத்தில் முடிவாவது மிகக் கொஞ்சம். பெரும்பகுதி அதற்கு முன்பே கைவிட்டுப் போயிருக்கும். சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக்கும் நீரேற்று நிலையங்களுக்கும் மின் வாரியத்துக்குக் கட்டும் பில், கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்டுவது, குப்பை ஒப்பந்தக்காரர் பில், பழைய கடனுக்கு வட்டியும் அசலும். இதை எந்த மேயராலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கிறது, மாநில நிதி ஆணையம் என்று அதற்கு ஓர் அமைப்பு உண்டு. நான் இருந்த வரை அந்தப் பணமும் பாக்கிகளைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேரும்.

அப்புறம் மத்திய நிதிக்குழு மானியம். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குச் சொன்னதைப் பாருங்கள். பத்து லட்சம் பேருக்குக் குறைவாக இருக்கும் நகரங்களுக்கு வரும் மானியத்தில் 40 சதவீதம்தான் ஊரின் விருப்பத்துக்கு, 30 சதவீதம் குடிநீருக்கு, 30 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று முன்பே கட்டிவைத்து வரும். விருப்பத்துக்கு என்ற 40-ஐயும் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது. பத்து லட்சம் பேருக்கு மேல் இருக்கும் பெருநகரப் பகுதிகளுக்கோ மூன்றில் ஒரு பங்கு காற்று மாசைக் குறைப்பதற்கு, மீதி தண்ணீருக்கும் குப்பைக்கும். ஆக வரிசை என்று நீங்கள் கேட்டதைப் பெரும்பாலும் வேறு எங்கோ உட்கார்ந்து போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பூங்காவும் அப்படி ஒரு திட்டத்தில் வந்திருக்கலாம். திட்டத்தில் பூங்கா என்று எழுதியிருந்தால் பூங்காதான் கட்ட முடியும், வேண்டாம் என்றால் பணம் அடுத்த ஊருக்குப் போகும், அந்தப் பயத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பூங்காவுக்கு நாளை தண்ணீர் ஊற்ற, விளக்கு போட, காவலுக்கு ஆள் வைக்க ஆகும் செலவு மட்டும் திட்டத்தில் வராது. அது பொது நிதியின் தலையில் விழும். என் மனதை 31 வருடமும் அறுத்தது இதுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் புத்தகத்தில் அடுத்த வருடத் தொகையைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். பக்கத்தில் 'திருத்திய மதிப்பீடு' என்று, வருட நடுவில் மாற்றிப் போட்ட தொகைக்கு ஒரு பத்தி இருக்கும், அதற்கும் பக்கத்தில் போன வருட உண்மைக் கணக்கு இருக்கும். பள்ளிப் பராமரிப்புக்கு 40 லட்சம் என்று அறிவித்து, திருத்திய மதிப்பீட்டில் 9 லட்சமாக இறங்கி, கணக்கில் 6 லட்சமாக முடிந்திருந்தால் (உதாரணத்துக்குச் சொல்கிறேன்), அந்த ஊரின் நிஜமான முன்னுரிமை அந்த 6 லட்சம்.

---

முன்னாள்_உறுப்பினர்

கனகாம்பரம் சகோதரிக்கு, நான் 2011-ல் இருந்து 2016 வரை ஒரு மாநகராட்சியில் மாமன்ற உறுப்பினராக இருந்தேன். கணக்கர் ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் மன்றத்துக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கு அதே விஷயம் வேறு மாதிரி தெரியும், அதைச் சொல்கிறேன்.

சம்பளம், பில், கடன் எல்லாம் போய் மிஞ்சுகிற பணத்தை எப்படிப் பிரிக்கிறோம் தெரியுமா? வார்டுக்கு இவ்வளவு என்று சமமாக. ஏனென்றால் சமமாகப் பிரித்தால்தான் மன்றத்தில் சண்டை வராது. என் வார்டு பழைய நகரத்தின் நடுவில், வடிகால், விளக்கு எல்லாம் அப்பா காலத்திலேயே போட்டது. ஊர் எல்லையில் இருந்த வார்டில் மழை பெய்தால் ரேஷன் கடைக்குப் போக முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டும். இரண்டு வார்டுக்கும் ஒரே தொகை. நான் அந்தப் பணத்தில் நல்லாக இருந்த சிமெண்ட் ரோட்டின் மேல் இன்னொரு ரோடு போட்டேன். அது தப்பு என்று அன்றைக்கே தெரியும். ஆனால் விட்டுக்கொடுத்தால் என் வார்டு மக்கள் என்னைத்தான் கேட்பார்கள், எல்லை வார்டுக்காரர்களா வந்து எனக்கு ஓட்டுப் போடப் போகிறார்கள் என்று அப்போது நினைத்தேன். இன்றைக்கு அதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். உங்களைப் போல் புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்குக் கடைசி வரைக்கும் கம்மியாகவே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சமம் என்று பெயர் வைத்துக்கொண்டு, முன்பே இருப்பவர்களுக்கே திரும்பவும் கொடுக்கிறோம்.

இரண்டாவது, பராமரிப்புக்குக் கல்வெட்டு கிடையாது. புதிதாக ஒன்று கட்டினால் பெயர் போட்ட கல் வைக்கலாம், பெரியவர்களை அழைத்துத் திறக்கலாம். மோட்டார் காயில் கட்டியதற்கு யார் திறப்பு விழா நடத்துவார்கள்? இதில் கட்சி வித்தியாசம் எதுவும் நான் பார்க்கவில்லை.

மூன்றாவது, மன்றக் கூட்டத்தை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே நாளில் நூறு, நூற்றைம்பது பொருள்கள் வரும், "அனைத்துத் தீர்மானங்களும் நிறைவேற்றப்பட்டன" என்று முடிந்துவிடும். விவாதம் நடக்கக்கூடிய இடம் வரிவிதிப்பு மற்றும் நிதி நிலைக்குழுவும் மண்டலக் குழுவும்தான். உங்கள் கவுன்சிலர் எந்த நிலைக்குழுவில் இருக்கிறார் என்று கேளுங்கள். கல்வி நிலைக்குழு உறுப்பினர் யார் என்று கண்டுபிடித்து அவரிடம் போங்கள், அவர் வேறு கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை.

எங்கள் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்தான் மன்றம், அவரே பட்ஜெட் போட்டு அவரே நிறைவேற்றினார். அந்த வருடங்களில் என் வீட்டுக் கதவைத் தட்டியவர்களிடம் எனக்குச் சொல்ல பதில் இல்லை. இப்போது தட்டுவதற்கு ஒரு கதவாவது இருக்கிறது, அதனால் கவுன்சிலரை விடாதீர்கள்.

பகுதி சபா என்று ஒன்று இருப்பது தெரியுமா? 2022-ல் விதிகள் வந்தன. ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று வருடத்துக்கு நான்கு நாள் கூட வேண்டும். கிராமத்தில் கிராம சபை மாதிரி. பல இடங்களில் பத்துப் பேரை வைத்துக் கையெழுத்து வாங்கி முடித்துவிடுகிறார்கள், அதனாலேயே நீங்கள் இருபது பெண்கள் போய் உட்கார்ந்தால் அந்தக் கூட்டமே உங்கள் கூட்டம். சொன்னதை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள், எழுதிய பிறகு படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

---

கூவம்_கரை

சென்னையில் இருந்து எழுதுகிறேன். இங்கே கொஞ்சம் வேறு கதை, ஆனால் கனகாம்பரம் மேடத்தின் கேள்விக்குத் தொடர்பு இருக்கிறது.

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆனது, 155 வார்டு 200 ஆனது. புதிதாகச் சேர்ந்த பக்கம்தான் எங்கள் வீடு. பல வருடம் நானும் மாநகராட்சியிடம் தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, சென்னையில் குடிநீரும் பாதாள சாக்கடையும் மாநகராட்சி பட்ஜெட்டிலேயே இல்லை. 1978-ல் இருந்து அது குடிநீர் வாரியத்தின் வேலை. பஸ் இன்னொரு நிறுவனம், மின்சாரம் இன்னொன்று. மாநகராட்சி கையில் இருப்பது குப்பை, தெருவிளக்கு, உள்தெரு ரோடு, மழைநீர் வடிகால், பள்ளி, சுகாதார நிலையம், பூங்கா மாதிரி விஷயங்கள். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தபோது பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகளை எழுதி நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. அதனால் தண்ணீர் முக்கியமா ரோடு முக்கியமா என்று சேர்த்து வைத்துப் பார்க்கிற ஒரு மேசையே எங்கள் ஊரில் கிடையாது. ஒருவர் ரோடு போடுவார், அடுத்த மாதம் இன்னொருவர் குழாய்க்குத் தோண்டுவார். இரண்டு பேர் பட்ஜெட்டிலும் அது சாதனையாகவே இருக்கும்.

மழைநீர் வடிகால் விஷயத்தில் எங்கே முதலில் என்பதைப் பெரும்பாலும் கடன் முடிவு செய்தது. கொசஸ்தலையாறு படுகைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, கோவளம் படுகைக்கு ஜெர்மன் வங்கி, அடையாறு கூவம் பக்கம் உலக வங்கி. கடன் கொடுப்பவர்கள் ஆற்றுப் படுகை வாரியாகத்தான் பார்ப்பார்கள், அது பொறியியல்படி சரியான முறையும்கூட. ஆனால் உங்கள் தெரு எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்பதைப் பொறுத்து உங்களுக்கு வடிகால் 2018-லா 2024-லா என்று ஆகிவிடுகிறது. 2015 டிசம்பரில் கழுத்தளவு தண்ணீரில் நின்ற என் அம்மாவிடம் "இது அடுத்த ஃபேஸ்" என்று சொன்னபோது அவர் என்ன கேட்டார் தெரியுமா, "மழை எந்த ஃபேஸ்ல வரும்னு கேட்டுட்டு வா" என்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு மறுபடியும் வீட்டைக் காலி செய்தோம்.

கடன் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வரிப் பணத்தில் மட்டும் அந்த வடிகால்களைக் கட்ட இன்னும் முப்பது வருடம் ஆகும். கடன் வருகிற இடத்துக்கு முதலில், வராத இடத்துக்கு எப்போதாவது என்று இருக்கிறதே, வராத இடத்துக்குத் தன் சொந்தப் பணத்தில் முதலில் செய்கிறோம் என்று மாநகராட்சி சொல்லலாம் இல்லையா? அதைச் சொல்ல வைக்கத்தான் நாங்கள் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.

---

மேட்டுப்பாளையம்_ரோடு

எல்லோரும் செலவைப் பற்றியே பேசுகிறீர்கள். வரவைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சென்னையில் சொத்து வரியை 1998-க்குப் பிறகு 2022-ல்தான் திருத்தினார்கள். 24 வருடம். அந்த 24 வருடத்தில் டீசல் என்ன விலை ஏறியது, துப்புரவுப் பணியாளர் சம்பளம் என்ன ஏறியது? தொழில் வரியின் உச்சவரம்பு வருடத்துக்கு 2,500 ரூபாய் என்று 1988-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி வைத்தார்கள், இன்றைக்கும் அதே 2,500தான். மாதம் இரண்டு லட்சம் வாங்குகிறவரும் அதற்கு மேல் கட்ட வேண்டாம். இப்படி வரவைக் கட்டிப்போட்டுவிட்டு மோட்டாருக்குப் பணம் இல்லையா என்று கேட்டால் எங்கிருந்து வரும்? எங்கள் காலனியில் 2022-ல் வரி உயர்ந்ததும் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள், அதே ஆட்கள் அடுத்த மாதம் ரோடு கேட்டு மனு கொடுத்தார்கள். சொந்தமாக வசூலிக்கிற பணம் கூடினால்தான் ஊருக்குத் தன் இஷ்டப்படி செலவழிக்க ஏதாவது மிஞ்சும். மேலே கணக்கர் ஐயா சொன்ன கட்டிவைத்த மானியத்தை நம்பியிருக்கிற வரைக்கும் ஊரின் முன்னுரிமையை ஊர் போடவே முடியாது.

---

பழைய_பேரேடு

மேட்டுப்பாளையம் தம்பி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த 2022 திருத்தத்தில் சென்னையின் பழைய பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 சதவீத உயர்வு, 1,800-க்கு மேல் போனால் 150 சதவீத உயர்வு என்று படிப்படியாக வைத்தார்கள். மற்ற மாநகராட்சிகளில் 25-ல் தொடங்கி 100 வரை. சின்ன வீட்டுக்காரருக்குக் கம்மி, பெரிய வீட்டுக்காரருக்கு அதிகம், அது சரியான வழிதான். ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள். எங்கள் காலத்தில் வரி கட்டாமல் பாக்கி வைத்தவர்கள் பட்டியலில் குடிசைக்காரர்கள் மேலே இருந்ததே இல்லை, மண்டபங்களும் வணிக வளாகங்களும்தான் இருக்கும். அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரிசையில் நின்று அதை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள். வரியைக் கூட்டுவதற்கு முன் பாக்கியை வசூலித்துவிட்டு வா என்று மன்றத்தில் கேட்கிற கவுன்சிலர் வேண்டும்.

---

முத்தா_நதி

நான் தூத்துக்குடி, வேலைக்காகப் புனே வந்து 17 வருடம் ஆகிறது. இங்கே மாநகராட்சி 2006-ல் இருந்து மக்கள் பங்கேற்பு பட்ஜெட் என்று ஒன்றை நடத்துகிறது. உங்கள் பகுதிக்கு என்ன வேண்டும் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம், தேர்வானால் அடுத்த வருட பட்ஜெட்டில் வரும். நான் மூன்று தடவை எழுதிக் கொடுத்து ஒன்று வந்தது, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நடைபாதை. கையால் எழுதிய ஒன்று கண் முன்னால் வேலையாக நடப்பதைப் பார்க்கும்போது இருந்த சந்தோஷத்தை மறுக்க மாட்டேன்.

ஆனால் இங்கே சின்ன வேலைகளைத்தான் கேட்க முடியும், பெஞ்ச், நடைபாதை, விளக்கு இப்படி. தண்ணீருக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்ற பெரிய பங்கீட்டில் நம் கை படாது. படிவம் எழுதுகிறவர்களும் என்னைப் போன்ற அடுக்குமாடிக்காரர்கள்தான். எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா இருக்கும் குடியிருப்பில் இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது, அங்கேதான் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

இந்த முறை முதலில் வந்தது பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே என்ற ஊரில், 1989-ல். அங்கே ஊரை 16 பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியிலும் கூட்டம் போட்டு, எங்களுக்கு முதலில் சாக்கடை, அடுத்து ரோடு என்று மக்களே வரிசை சொன்னார்கள். அதோடு நிற்காமல், அந்த வசதி அந்தப் பகுதியில் எவ்வளவு குறைவாக இருக்கிறது, மக்கள்தொகை எவ்வளவு, அந்தப் பகுதி அதற்குக் கொடுத்த வரிசை என்ன, இந்த மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுப் பணத்தைப் பிரித்தார்கள். முன்னாள் உறுப்பினர் அம்மா சொன்ன எல்லை வார்டுக்கு அந்த முறையில் அதிகமாகவும் நடு வார்டுக்குக் குறைவாகவும் போயிருக்கும், யாரும் விட்டுக்கொடுக்கத் தேவையே இல்லாமல். சட்டத்தில் வரிசை இருக்கிறதா என்று கனகாம்பரம் கேட்டார்கள். சட்டத்தில் இல்லாவிட்டாலும் ஊர் கூடி ஒரு வரிசை போட்டுக்கொள்ள முடியும் என்பதற்காகத்தான் இதை எழுதினேன்.

---

கனகாம்பரம்

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துவிட்டுப் பெண்கள் குழுவில் குரல் பதிவாகச் சொன்னேன். கல்வி நிதி என்று ஒன்று இருப்பது எங்கள் பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியாது. எங்களில் ஒருவர் வரி ரசீதை எடுத்துப் பார்த்தார், ஐயா சொன்ன மாதிரி மொத்தத் தொகைதான் இருந்தது.

முன்னாள் உறுப்பினர் அக்காவுக்கு, நீங்கள் அந்த ரோட்டைப் பற்றி மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. எல்லை வார்டில் இருந்து எழுதுகிறவள் நான்.

இப்போது செய்ய வேண்டியதைக் கேட்கிறேன். அடுத்த பகுதி சபா வரும் வரை பிள்ளைகள் பொறுக்க முடியாது. மோட்டாருக்கு இப்போதே ஏதாவது வழி உண்டா? பட்ஜெட் முடிந்துபோன வருடத்தில் புதிதாக ஒன்றைக் கேட்டால் கொடுப்பார்களா? அதோடு, நாங்களே பணம் போட்டு வாங்கிவிடலாம் என்று நாலைந்து பேர் சொல்கிறார்கள், அதுவும் சரியா?

---

பழைய_பேரேடு

கொடுக்கலாம் அம்மா. பராமரிப்புக்கு என்று பட்ஜெட்டில் மொத்தமாக ஒரு தொகை இருக்கும், அதில் இருந்து செய்ய மோட்டார் என்று தனியாக பட்ஜெட்டில் பெயர் வர வேண்டியதில்லை. சின்னத் தொகைக்கு ஆணையர் அளவிலேயே அனுமதி கொடுத்துவிடலாம், மன்றத் தீர்மானத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

கடிதத்தில் "தண்ணீர் இல்லை, ஆவன செய்க" என்று எழுதாதீர்கள். பள்ளியின் பெயர், மோட்டார் எத்தனை ஹெச்பி, எந்தத் தேதியில் நின்றது, ஹெட்மாஸ்டர் எழுதிய மூன்று கடிதங்களின் தேதி, எத்தனை பிள்ளைகள், அதில் பெண் பிள்ளைகள் எத்தனை, மெக்கானிக் கையெழுத்துப் போட்ட கொட்டேஷன் ஒன்று, கடைசியில் "கல்வி நிதி, பள்ளிக் கட்டிடப் பராமரிப்புத் தலைப்பில் இருந்து மேற்கொள்ளக் கோருகிறோம்". ஆணையருக்கு ஒன்று, மண்டல உதவி ஆணையருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று. நேரில் கொடுத்து தபால் பிரிவில் முத்திரை வாங்குங்கள். தலைப்பைக் குறிப்பிட்ட கடிதத்தை ஃபண்ட் இல்லை என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்புவது கஷ்டம், இல்லை என்றால் எழுத்தில் தர வேண்டியிருக்கும்.

அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய்தான், 30 நாளில் பதில் வர வேண்டும். கடந்த மூன்று வருடமாகக் கல்வி நிதியின் வரவு, செலவு, இருப்பு, பள்ளிப் பராமரிப்புக்கான மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு. இதை மட்டும் கேளுங்கள், வேறு எதையும் சேர்க்க வேண்டாம்.

சொந்தப் பணம் போடுவது பற்றி. பிள்ளைகள் கஷ்டப்படும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போடுவதாக இருந்தால் நமக்கு நாமே திட்டத்தில் போடுங்கள், மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும், கணக்கிலும் ஏறும். தனியாக வாங்கி மாட்டிவிட்டால் அலுவலகத்தில் அந்தப் பள்ளிக்குத் தேவை இல்லை என்று ஆகிவிடும், அடுத்த முறை நின்றாலும் உங்களிடம்தான் வருவார்கள்.

அடுத்த வருட பட்ஜெட்டுக்கு அக்டோபர், நவம்பரிலேயே துறைகளிடம் தேவைப் பட்டியல் கேட்பார்கள். பிப்ரவரியில் போனால் புத்தகம் அச்சுக்குப் போயிருக்கும். உங்கள் வார்டில் உள்ள எல்லா மாநகராட்சிப் பள்ளிக்கும் சேர்த்து ஒரு பட்டியல் இப்போதே எடுக்க ஆரம்பியுங்கள்.

---

முன்னாள்_உறுப்பினர்

ஐயா சொன்னதோடு ஒன்று. கடிதம் கொடுக்கப் போகும்போது கவுன்சிலரையும் கூட அழைத்துப் போங்கள், அவருக்குத் தெரியாமல் போகாதீர்கள். கல்வி நிதி விஷயத்தை வழியிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள், அலுவலகத்தில் அவரே கேட்கட்டும். வேலை நடந்தால் அவர் பெயரைச் சொல்வதில் உங்களுக்கு ஒன்றும் குறையாது.

---

கனகாம்பரம்

சரி அக்கா, அப்படியே செய்கிறோம். மோட்டார் ஒன்றரை ஹெச்பி, நின்றது காலாண்டுப் பரீட்சை முடிந்த அடுத்த திங்கள். பள்ளியில் மொத்தம் 214 பிள்ளைகள், பெண் பிள்ளைகள் 121. மெக்கானிக் நாளை காலை எட்டு மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கொட்டேஷனும் ஹெட்மாஸ்டர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, கவுன்சிலர் வீட்டுக்குப் போய் அவரையும் கூட்டிக்கொண்டு போகிறோம். முத்திரை போட்ட நகல் கைக்கு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.